கராஜில் எரிந்த சிவப்பு லைட்

சுபஹ் தொழுதுவிட்டு வந்த நஸீப், நேரே கராஜுக்குள் போய்ப் பார்த்தார். காருக்குச் சார்ஜ் போடும் கேபிளின் பெட்டியில் அன்றும் சிவப்பு லைட்தான் எரிந்துகொண்டிருந்தது. பிளக்கைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி செருகினார். கடைசியில் காரின் முன்பக்கத்தைத் தடவிக் கெஞ்சியும் பார்த்தார். கட்டுகஸ்தோட்டையில் இருந்த தன் துணிக்கடைக்கு அன்றும் பஸ்தான்.

பெற்றோல் வரிசைகளில் நின்று நொந்துபோன பிறகு, ஆசைப்பட்டு வாங்கிய மின்சாரக் கார் அது. அதற்காகவே மடவளை வீட்டோடு சேர்த்து ஒரு கராஜும் கட்டினார். அதுவரை குசினிப் பக்கத்துப் பிளக்கில் ஒழுங்காகச் சார்ஜ் ஏறிய கார், கராஜ் கட்டி முடிந்த நாளிலிருந்து அடம்பிடிக்கத் தொடங்கியது.

இதைக் கவனித்தவள் மனைவி ஸுமைராதான். கராஜுக்குச் சீமெந்து போட்ட அன்று, நிலத்துக்குள் இறங்கிய பச்சை வயர் ஒன்றை, கொத்து வேலை செய்த மேசன் பாஸ் வெட்டியதையும் அவள் பார்த்திருந்தாள். அப்போதே கேட்டாள். துருப்பிடித்த பழைய வயர், போனால் போகட்டும் என்று நஸீப் சொல்லிவிட்டார். இப்போது சுடச்சுடப் பிளேன்டியை நீட்டியபடி மறுபடியும் அதை நினைவுபடுத்தினாள்.

நஸீப் சிரித்தார். "நீங்க சோத்தப் பாருங்க. கரண்ட்ட நான் பாத்துக்கிறேன்."

கடைக்கு வந்த ஒருவர் கொடுத்த நம்பரைப் பிடித்து, ஓர் ஆளை வரவழைத்தார். வந்தவன் பிளக் பொயின்ட்டைத் திறந்து, உள்ளே சின்ன வயர்த்துண்டு ஒன்றால் இரண்டு இடங்களை இணைத்தான். ஐந்தே நிமிடம், பச்சை லைட் எரிந்தது. அந்தத் துண்டு எதற்கு என்று ஸுமைரா கேட்டாள். அவன் மூடியைத் திருகிப் பூட்டினான். தொணதொணக்க வேண்டாம் என்று நஸீபும் சொல்லிவிட்டார்.

இரண்டு வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை. விடிந்ததிலிருந்து மழை. அக்குறணையில் இருக்கும் தங்கச்சிக்குக் கொடுக்க இனிப்பு வட்டிலப்பம் அவித்த ஸுமைரா, அதைக் காரில் வைக்க வெறுங்காலோடு ஈரத்தில் நடந்து போனாள். கார் சார்ஜில் இருந்தது. கதவின் கைபிடியைத் தொட்டாள்.

அவள் அலறல் கேட்டது. அதே நொடியில் வீட்டில் கரண்டும் நின்றது. சட்டைப் பொத்தான் பூட்டிக்கொண்டிருந்த நஸீப் ஓடினார். உடைந்த வட்டிலப்பக் கோப்பைக்குப் பக்கத்தில் அவள் கிடந்தாள். தலையை மடியில் தூக்கி வைத்து, பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டார். கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்தாள்.

"வட்டிலப்பம் கொட்டிட்டா?"

இருபத்திரண்டு வருட வாழ்க்கையில், அவள் முன்னால் நஸீப் அழுதது அதுதான் முதல் தடவை.

ஆஸ்பத்திரியில் ஒரு நாள் வைத்துப் பார்த்து, பயமில்லை என்று அனுப்பினார்கள். மறுநாள், முறையாகப் படித்து லைசன்ஸ் எடுத்த வயரிங் பாஸ் நபீல் வந்து எல்லாவற்றையும் சோதித்தார். வெட்டப்பட்ட பச்சை வயர்தான், கசியும் கரண்டை நிலத்துக்குள் இறக்கிவிடும் வீட்டின் எர்த். எர்த் இல்லை என்பதைத்தான் சிவப்பு லைட் சொல்லிக்கொண்டிருந்தது. அந்த வயர்த்துண்டு கேபிளை ஏமாற்றியதே தவிர, பிழையைத் திருத்தவில்லை. அன்றைய மழையில் லைனில் கோளாறு வந்ததும், அதன் வழியாகத்தான் கரண்ட் காரின் உடம்புக்கு வந்திருந்தது. கரண்ட் கசிந்தால் தானாக நிறுத்தும் ட்ரிப் சுவிட்ச் விழுந்ததால் ஸுமைராவின் உயிர் தப்பியது.

எர்த்தை யார் வெட்டியது என்று நபீல் கேட்டார். நஸீப் நிலத்தைப் பார்த்தார்.

"வெட்டினது மேசன் பாஸ், போகட்டும்டு விட்டது நான்தான். இவங்க அன்டைக்கே சொன்னாங்க. நான் காதுல வாங்கல."

நபீல் புதிய எர்த் கம்பி இறக்கி, காருக்கென்று தனி லைனும் இழுத்துக் கொடுத்தார்.

அடுத்த மாதம், பக்கத்துத் தெரு சாஹுல் ஹமீது நானா கடைக்கு வந்தார். அவரும் மின்சாரக் கார் வாங்கியிருந்தார், அவருக்கும் சிவப்பு லைட். ஐந்து நிமிடத்தில் சரிசெய்த அந்த ஆளின் நம்பரைக் கேட்டார். நஸீப் துணியை மடித்து வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"அந்த நம்பரத் தர மாட்டேன் நானா. லைட் எரிஞ்சா, எங்கயோ பிழை ஈக்குண்டு அர்த்தம். லைட்ட அணைக்க ஆள் தேடாதீங்க, பிழையத் திருத்த ஆள் தேடுங்க. நபீல்ட நம்பர் தாறேன். அதுக்கு முந்தி, வீட்ல பொம்புளகிட்ட ஒரு வார்த்த கேளுங்க. அவங்களுக்கு என்ன தெரியும்டு நெனச்சித்தான், நான் ஸுமைராவையே இழக்கப் பாத்தேன்."