அக்கா மகன் கேட்ட மூன்று

அல்மாட்டி மாரத்தானில் இருபத்தெட்டாவது கிலோமீட்டர் திருப்பம் என்றால் தொலெகென்தான். பஸ் டிப்போவில் மெக்கானிக்கான அவர் ஒன்பது வருடமாக அதே முனையில், அதே ஆரஞ்சு மேலங்கியில், தொண்டராக நிற்கிறார். திரும்பிப் போகும் ஒவ்வொருவர் கையிலும் ஒரு சிவப்பு ரப்பர் வளையத்தை மாட்டிவிட வேண்டும். வளையம் இருந்தால் அந்த ஆள் முழு வழியும் ஓடினான், இல்லையென்றால் குறுக்கே புகுந்துவிட்டான் என்று அர்த்தம். சம்பளமா, கிம்பளமா? ஒரு பனியனும் இரண்டு வாழைப்பழமும்தான். ஆனாலும் நம்பி ஒப்படைத்திருக்கிறார்களே என்று, முந்தின நாளே வளையப் பெட்டியை வாங்கிவந்து வீட்டு அலமாரியில் பூட்டி வைப்பார்.

இந்த முறை பெட்டி வீட்டில் இருந்த அன்று அக்கா குல்யாஷின் மகன் பெகாரிஸ் வந்தான். வயது முப்பது. ஓட்டப் பயிற்சி வகுப்பு தொடங்கப்போவதாக ஆறு மாதமாக ஊரெல்லாம் பீற்றிக்கொள்பவன். நாளைக்கு நானும் ஓடுகிறேன், ஆனால் முழங்கால் வலிக்கிறது, திருப்பம் வரை வந்து சேர்வேனோ மாட்டேனோ என்று முகத்தைத் தொங்கப்போட்டான். ஞாபகத்துக்கு ஒரு வளையம் கொடுத்துவைக்கச் சொன்னான். தொலெகென் தயங்கினார்.

"அக்கா மகன் மூணு தடவை கேட்கலாம், தாய்மாமன் இல்லேன்னு சொல்லக்கூடாது. இத்தனை வருஷத்துல ஒண்ணாவது கேட்டிருக்கேனா மாமா?"

கஸாக் வீட்டில் பிறந்தவர் இதற்கு மேல் என்ன பேசுவது? இந்த முறைக்காகக் குதிரையையே அவிழ்த்துக் கொடுத்த மாமன்கள் உண்டு. இவன் கேட்டது கேவலம் ஒரு ரப்பர். எடுத்துக் கொடுத்தார். எப்படியும் உங்களிடம் வந்து சேருவேன், எனக்கு டீ வைத்திருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாள் காலை பிளாஸ்க் நிறையப் பால் டீயும், பையில் அவனுக்குப் பிடித்த உலர்ந்த தயிர்க் கட்டிகளுமாகத் தொலெகென் முனையில் நின்றார். என் மருமகன் வருவான், எண் 2417, நீலச் சட்டை என்று கூட நின்ற தொண்டர்களிடமெல்லாம் சொல்லி வைத்தார். தூரத்தில் நீலம் தெரிந்தபோதெல்லாம் அவர்கள் இவன்தானா என்று கேட்டார்கள். இவன் இல்லை. வேகக்காரர்கள் போனார்கள், தொந்திக்காரர்கள் போனார்கள், கடைசியில் நொண்டிக்கொண்டு ஒரு கிழவரும் போனார். டீ ஆறிவிட்டது. எங்கே விழுந்து கிடக்கிறானோ என்று பயந்தார். முதலுதவி வண்டியைக் கூப்பிடப் போன நேரத்தில் போன் அடித்தது.

அக்காதான். "நல்ல சேதி கொண்டுவந்திருக்கேன், பரிசு என்னன்னு முதல்ல சொல்லு," என்று சிரித்தாள். நல்ல சேதி கொண்டுவருபவருக்குப் பரிசு கொடுப்பது அங்கே வழக்கம். அப்புறம் அவளே அடக்கமாட்டாமல் சொல்லிவிட்டாள். மகன் அவன் வயதுப் பிரிவில் மூன்றாவதாக வந்திருக்கிறான்.

செத்தானோ பிழைத்தானோ என்று இங்கே இவர் பதறிக்கொண்டிருக்க, அந்தப் பயல் திருப்பத்துக்கே வராமல், பாதி வழியில் பூங்கா வழியாகக் குறுக்கே புகுந்து, இவர் கொடுத்த வளையத்தைக் காட்டியிருக்கிறான். அந்நியன் செய்திருந்தால் திட்டிவிட்டு மறந்திருப்பார். தூக்கி வளர்த்த கைக்கே துரோகம் செய்துவிட்டானே என்று மனம் கொதித்தது.

முடிவுக் கோட்டில் நடுவர் தமாரா அவருக்காகவே காத்திருந்தாள். இந்த ஆள் என்னை முந்தவே இல்லை, எப்படி எனக்கு முன்னால் வந்தான் என்று நாலாவதாக வந்தவர் புகார் கொடுத்திருந்தார். மாமாவே வளையம் மாட்டிவிட்டார், அவரையே கேளுங்கள் என்று பெகாரிஸ் சத்தியம் செய்திருந்தான். தொலெகெனைக் கண்டதும் ஓடிவந்து ஒதுக்குப்புறமாக இழுத்துப் போனான்.

"மாமா, இது ரெண்டாவது. மாட்டிவிட்டேன்னு மட்டும் சொல்லுங்க. பொய்கூட இல்லையே, நீங்க குடுத்ததுதானே."

"காலையிலேருந்து டீயைக் கையில வச்சுக்கிட்டு உனக்காக நின்னேன்டா."

தமாராவிடம் போய், 2417 திருப்பத்துக்கு வரவில்லை, வளையத்தை நேற்று வீட்டில் வைத்து நான்தான் கொடுத்தேன் என்றார். இனி அந்த முனைக்கு வேறு ஆளைத்தான் போட வேண்டியிருக்கும் என்றாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் தொலெகென் மேலங்கியைக் கழற்றி மடித்திருந்தார்.

பெகாரிஸ் பின்னாலேயே வந்தான். முகத்தில் வெட்கம் இல்லை, ஆத்திரம்தான் இருந்தது.

"ஒண்ணைத் தட்டிட்டீங்க. இது மூணாவது. நடந்ததை அம்மாகிட்ட நீங்களே சொல்லுங்க."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு, இன்னும் ஒன்றும் தெரியாத குல்யாஷ் வந்துகொண்டிருந்தாள். ஒரு தடவை மறுத்து முறை தவறியாயிற்று. இன்னொரு முறையும் மறுக்கத் தொலெகெனுக்கு மனம் வரவில்லை. வந்த வேகத்தில் அவள், நல்ல காரியம் நடந்தால் செய்கிற வழக்கப்படி, கைநிறைய மிட்டாய்களை இருவர் தலையிலும் வாரி இறைத்தாள். பக்கத்துப் பிள்ளைகள் பொறுக்க ஓடிவந்தார்கள். ஆறிய பிளாஸ்க்கோடு நின்ற தம்பியின் முன்னால் கையை நீட்டினாள்.

"எங்கே என் பரிசு?"

"அக்கா, அவன் என்கிட்ட வரவே இல்ல," என்றார் தொலெகென்.