இல்லாத வீசிங்

"ஜெயப்ரியா, வீசிங் இப்ப எப்படி இருக்கு?"

டேப்லெட்டிலிருந்து வந்த ஜோதிலட்சுமி மிஸ்ஸின் குரல் சமையலறை வரை கேட்டது. கோகிலவாணி குழாயை மூடினாள். மகளின் அறையிலிருந்து பதில் இல்லை.

"மியூட்ல இருக்கியா? பரவால்ல. உடம்பப் பாத்துக்கோம்மா. நீ ஆன்லைன்லயே இரு. மத்தவங்க எல்லாரும் புதன்கிழமைல இருந்து ஸ்கூலுக்கு வரணும். பாதிப் பேர் ஒரு நாள், மீதிப் பேர் மறுநாள். யார் யார் எப்பன்னு குரூப்ல போடறேன்."

வகுப்பு முடிந்ததும் ஜெயப்ரியா சமையலறை வாசலில் வந்து நின்றாள். பகலில் அவள் அங்கே வருவதில்லை. சாப்பாடு அறைக்கே போய்விடும்.

"எனக்கு எப்பம்மா வீசிங் வந்துச்சு?"

கோகிலவாணி கழுவிய தட்டை மறுபடி கழுவினாள்.

"ஸ்கூல்ல இருந்து போன் பண்ணாங்கடி. நேர்ல அனுப்புறீங்களா, ஆன்லைனான்னு. சும்மா ஆன்லைன்னு சொன்னா ஒத்துக்க மாட்டாங்களாம். ஏதாவது காரணம் வேணுமாம்."

"நான் போமாட்டேன்னு சொன்னேனா?"

"நீதான் ரூமை விட்டே வரமாட்டியே."

"என்னைக் கேட்டியா?"

கேட்கவில்லை.

"கிளாஸ்ல எல்லாரும் டேக் கேர், டேக் கேர்னு அனுப்பிட்டிருக்காங்க" என்றாள் ஜெயப்ரியா. "நான் தேங்க்ஸ் போட்டுட்டு வந்தேன்."

அறைக்குத் திரும்பிப் போனாள். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. ஓங்கிச் சாத்தவில்லை.

ஏழாம் வகுப்பு ஆண்டுத் தேர்வுக்கு முன், கொரோனாவால் பள்ளியை மூடியபோது வீட்டுக்கு வந்த பெண். எட்டாம் வகுப்பைக் கட்டிலிலேயே முடித்தாள். இப்போது ஒன்பது. பாடம் நடக்கும்போது எழுந்து போகக் கூடாது என்று கோகிலவாணிதான் தட்டைக் கட்டிலுக்குக் கொண்டுபோனாள். காலையில் இட்லி, பதினோரு மணிக்கு முறுக்கு, மதியம் சோறு, சாயந்திரம் பாலும் பிஸ்கட்டும். வாய்க்கு ஏதாவது இருந்தால் பிள்ளை அசையாமல் உட்கார்ந்தாள். தெருவில் மற்ற வீடுகளில் வகுப்புக்கு உட்கார வைப்பதே பெரும்பாடு. நம் வீட்டில் அந்தத் தொல்லை இல்லை என்று கோகிலவாணி சொல்லிக்கொண்டாள்.

பிறகு கண்ணாடியின் பவர் ஏறியது. கழுத்து வலித்தது. இரவில் தூக்கம் வராமல், காலை வகுப்பில் உட்கார்ந்தபடியே தூங்கினாள். மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போனவள் பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். பழைய உடுப்பு எதுவும் நுழையவில்லை. நைட்டி போதும் என்றாகிவிட்டது. எதைக் கேட்டாலும் 'ம்' என்றாள். முடி கொத்தாகக் கொட்டியது. குளியலறையில் அதை எடுத்துப் போடும்போது மட்டும் கோகிலவாணி அழுதாள்.

தெரு முழுக்க அவர்களைத் தெரியும். கணவன் மதியழகனின் அப்பா காலத்தில் இரும்புலியூரில் அவர்களுக்கு வயல் இருந்தது. அது மனைகளாகி, இப்போது வாடகை வீடுகளாகி நிற்கிறது. குடித்தனக்காரர்கள் கோகிலவாணியை 'ஹவுஸ் ஓனர் அக்கா' என்பார்கள். யாராவது வந்தால் முதலில் பெண்ணைத்தான் கேட்பார்கள். "கிளாஸ்ல இருக்கா" என்று அவள் சொல்லிவிடுவாள். வசதியான பதில். யாரும் மேலே கேட்க மாட்டார்கள்.

ஆடி மாதம் நாத்தனார் கனகவல்லி மட்டும் கேட்டாள். அந்த வருடம் கூட்டம் கூடாது என்பதால் தெரு அம்மனுக்கு வீட்டு வாசலிலேயே கூழ் ஊற்றினார்கள். கனகவல்லி சொம்போடு உள்ளே வந்தாள்.

"எங்க என் மருமவ? வெளிய வரச் சொல்லு. பாத்து எவ்ளோ நாளாச்சு."

"கிளாஸ்ல இருக்கா அண்ணி."

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமைடி."

"ஸ்பெஷல் கிளாஸ்."

"அந்த ஸ்கூல்ல வாத்தியாருங்களுக்குப் புள்ளக்குட்டியே இல்லியா? ஞாயித்துக்கிழமகூட நடத்துறாங்க" என்று சொல்லி கனகவல்லி சிரித்தாள். மூடியிருந்த கதவைப் பார்த்தாள். மறுபடி கேட்கவில்லை. போகும்போது, "ரொம்பப் பெரிய படிப்புதான்" என்றாள்.

கதவுக்கு அந்தப் பக்கம் ஜெயப்ரியா இருந்தாள். கேட்டிருப்பாள். அன்று கோகிலவாணி அதை யோசிக்கவில்லை. இப்போது, தட்டைக் கழுவிக்கொண்டு நிற்கும்போது, யோசித்தாள்.

புதன்கிழமைக்கு முந்தின நாள் ஜெயப்ரியா மீண்டும் வந்து நின்றாள்.

"நாளைக்கு என் ரோல் நம்பர்தான். நான் போறேன்."

"யூனிஃபார்ம் தைக்கலியே."

"முதல் வாரம் கலர் ட்ரெஸ் போட்டுக்கலாம்னு மிஸ் சொன்னாங்க. உன் சுடிதார் ஒண்ணு குடு."

"இன்னும் ஒரு மாசம் போவட்டும்டி. கொஞ்சம் கொஞ்சமா மாடியில நடந்து..."

"நடந்து?"

மதியழகன் ஹாலில் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கினான்.

"போறேன்னுதான சொல்றா. மத்தவங்க புள்ளைங்கள்லாம் போமாட்டேன்னு அடம் புடிக்குது. கொண்டுபோய் விட்டுட்டு வா. அவளுக்கென்ன?"

அவன் மகளை நேராகப் பார்த்துத்தான் அப்படிக் கேட்டான். அவனுக்கு உண்மையிலேயே எதுவும் தெரியவில்லை.

கோகிலவாணி பீரோவிலிருந்து கருநீலச் சுடிதாரை எடுத்துக் கொடுத்தாள். தன் அக்கா மகள் சீமந்தத்துக்குத் தைத்தது. மகளுக்குத் தோளில் பிடித்தது. தனக்கு அது தொளதொள என்றுதான் இருந்தது என்பதை அவள் சொல்லவில்லை.

மறுநாள் காலை சர்வீஸ் ரோட்டில் வண்டி மெதுவாகப் போனது. பின்னால் ஜெயப்ரியா கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முன்பெல்லாம் அம்மாவின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வழியெல்லாம் பேசுவாள். அன்று கிழக்குத் தாம்பரம் வந்ததும் மட்டும், "அந்த ஜூஸ் கடைய மூடிட்டாங்களா?" என்று கேட்டாள்.

"எப்பவோ மூடிட்டாங்க."

"எனக்குத் தெரியாது."

பள்ளி வாசலில் கூட்டம். வாட்ச்மேன் சம்பத் கையில் காய்ச்சல் பார்க்கும் கருவியோடு நின்று பிள்ளைகளின் நெற்றியில் காட்டிக்கொண்டிருந்தார். ஜெயப்ரியா வண்டியை விட்டு இறங்கி, மாஸ்க்கைச் சரிசெய்து, வரிசைக்குப் போகாமல் நேராக கேட்டுக்குப் போனாள்.

"யம்மா, யம்மா! பேரண்ட்ஸ்லாம் உள்ள போவக்கூடாது" என்று சம்பத் கையை நீட்டித் தடுத்தார். "புள்ளைய மட்டும் அனுப்பு. நீ அப்டிக்கா நில்லு."

ஜெயப்ரியா நின்றாள்.

"உன்னத்தாம்மா. உள்ள வுட்டா என் வேல பூடும். எங்க உன் புள்ள?"

வரிசையில் இரண்டு பையன்கள் சிரித்தார்கள். ஒரு அம்மா திரும்பிப் பார்த்தாள்.

கோகிலவாணி நாலடி பின்னால்தான் இருந்தாள். எல்லாம் கேட்டது. அவள் குனிந்து வண்டியின் பூட்டைப் பார்த்தாள். ஏற்கெனவே பூட்டியிருந்தது. மறுபடி திறந்து பூட்டினாள்.

"நான் இங்கதான் படிக்கிறேன் அண்ணா" என்றாள் ஜெயப்ரியா. "நைன்த் பி."

மாஸ்க்கை இறக்கிக் காட்டினாள்.

"அட, பாப்பாவா நீ!" சம்பத்துக்கு முகம் சுருங்கிவிட்டது. "தப்பா எடுத்துக்காத கண்ணு. மாஸ்க்கு மாட்டிகினு வந்தா ஒண்ணும் தெரிய மாட்டேங்குது. நேத்து இன்னாடான்னா பிரின்சிபாலயே யாருன்னு கேட்டுட்டேன். செம டோஸு."

இந்த முறை வரிசை முழுக்கச் சிரித்தது. கோகிலவாணி அப்போதுதான் நிமிர்ந்து கேட்டுக்கு வந்தாள்.

சிரிப்பைக் கேட்டு ஜோதிலட்சுமி மிஸ் வந்தார். ஜெயப்ரியாவைப் பார்த்தார். பார்வை நகர்ந்து கோகிலவாணியிடம் வந்து, மறுபடி ஜெயப்ரியாவிடம் போனது. மிஸ்ஸுக்கு அடையாளம் தெரிய அரை நிமிடம் ஆனது.

"ஜெயப்ரியாவா! ஏன்டா வந்த? உனக்குத்தான் வீசிங் இருக்கே." கோகிலவாணியிடம் திரும்பினார். "என்ன மேடம் நீங்க? இந்த நேரத்துல வீசிங் இருக்கிற புள்ளைய யாராவது கூட்டிட்டு வருவாங்களா?"

"இப்ப சரியாயிடுச்சு மிஸ்."

"கடைசியா எப்ப வந்துச்சு?"

"போன... போன மாசம்."

"இன்ஹேலர் யூஸ் பண்றாளா?"

"எப்பவாவது."

ஜெயப்ரியா அம்மாவைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. அம்மா எவ்வளவு சுலபமாகப் பேசுகிறாள் என்று பார்ப்பது போல இருந்தது.

"அப்ப டாக்டர் லெட்டர் இல்லாம உள்ள விட முடியாதும்மா" என்றார் மிஸ். "எனக்கும் உள்ள அனுப்பணும்னுதான் இருக்கு. நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது? கூட்டிட்டுப் போங்க. லெட்டர் வாங்கிட்டு இன்னொரு நாள் வாங்க. அவசரமே இல்ல. வீட்ல இருந்தே படிக்கலாம், அவ நல்லாதான் படிக்கிறா."

கோகிலவாணிக்கு முதலில் நிம்மதிதான் வந்தது. போகலாம். யாரும் தன்னைத் தப்பு சொல்ல முடியாது. மிஸ்ஸே சொல்லிவிட்டார்.

வாட்ச்மேனிடம் பேசியது போல ஜெயப்ரியா மிஸ்ஸிடமும் பேசுவாள் என்று கோகிலவாணி காத்திருந்தாள். பேசவில்லை. மாஸ்க்கை ஏற்றிக்கொண்டு வண்டியை நோக்கி நடந்தாள். கோகிலவாணிக்கு அந்த நடை தெரியும். வீட்டுக்குப் போனதும் கதவு சாத்தப்படும். லெட்டர் வந்தாலும் திறக்காது. இனி இவள் வரமாட்டாள்.

"மிஸ்" என்றாள் கோகிலவாணி.

மிஸ் அடுத்த பிள்ளையிடம் போயிருந்தார்.

"மிஸ், அவளுக்கு வீசிங் இல்ல."

"என்னம்மா?"

"எப்பவுமே இல்ல. நான் பொய் சொன்னேன்."

மிஸ் அருகில் வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஏம்மா?" என்றார். குரலைத் தாழ்த்தியதால் சுற்றியிருந்தவர்கள் பேச்சை நிறுத்திக் கேட்டார்கள்.

"வெயிட் போட்டுட்டா. பசங்க ஏதாவது சொல்லுவாங்கன்னு..."

அதோடு நிறுத்தியிருக்கலாம். மிஸ் தலையாட்டத் தொடங்கியிருந்தார். எல்லோருக்கும் புரிகிற காரணம். வண்டிப் பக்கத்தில் ஜெயப்ரியா திரும்பி நின்றுகொண்டிருந்தாள்.

"பசங்க இல்ல மிஸ்" என்றாள் கோகிலவாணி. "எனக்குத்தான். நாலு பேர் முன்னாடி இவளக் கூட்டிட்டு வர எனக்குத்தான் வெக்கமா இருந்துச்சு."

வார்த்தைகள் தெளிவாக விழுந்துவிட்டன. சம்பத் அடுத்த நெற்றியில் காட்டிய கருவி 'பீப்' என்றது. அதையும் எல்லோரும் கேட்டார்கள்.

மிஸ் அவளைப் பார்க்கவில்லை. "ஜெயப்ரியா, இங்க வாம்மா" என்று கூப்பிட்டார். "கிளாஸ் செகண்ட் ஃப்ளோர்ல. நான் வரேன், போ."

ஜெயப்ரியா வந்தாள். அம்மாவின் பக்கத்தில்தான் கடந்து போக வேண்டும். கடந்து போனாள். சம்பத் நெற்றியில் காட்டிவிட்டு, "நார்மலு. போ கண்ணு" என்றார்.

மாடிப் படி கட்டடத்துக்கு வெளியே இருந்தது. முதல் திருப்பம் வரை நிறுத்தாமல் ஏறினாள். அங்கே நின்றாள். சுவரில் கை வைத்தாள். தோள்கள் ஏறி இறங்குவது கேட்டிலிருந்து தெரிந்தது. சின்னப் பிள்ளைகள் இரண்டு பேர் அவளைச் சுற்றிக்கொண்டு ஓடினார்கள்.

"நிஜமாவே வீசிங் இல்லியேம்மா?" என்றார் மிஸ்.

"இல்ல மிஸ். நடந்தே ரொம்ப நாளாச்சு. கட்டில்லயே உட்கார வெச்சுட்டேன்."

மிஸ் ஏதோ சொல்ல வந்து, "என் பையனும் இப்படித்தாம்மா இருக்கான்" என்று மட்டும் சொன்னார். சொல்லிவிட்டு வரிசைக்குப் போனார்.

ஜெயப்ரியா மறுபடி ஏறத் தொடங்கினாள். இரண்டாவது திருப்பத்திலும் நின்றாள். பிறகு தெரியவில்லை.

மதியம் மற்ற அம்மாக்கள் வருவதற்கு முன்பே கோகிலவாணி வந்துவிட்டாள். புளிய மரத்தடியில், கொஞ்சம் தள்ளி, வண்டியை நிறுத்தினாள். அம்மாக்கள் வந்தபோது அவளைப் பார்த்துத் தலையசைத்தார்கள். ஒருத்திகூட அருகில் வரவில்லை.

பெல் அடித்து வெகு நேரம் கழித்து ஜெயப்ரியா வெளியே வந்தாள். கூட இரண்டு பெண்கள். ஒருத்தி எலும்பாக இளைத்துப் போயிருந்தாள். இன்னொருத்திக்குப் புதிதாகக் கண்ணாடி. மூன்று பேரும் எதற்கோ சிரித்துக்கொண்டு வந்தார்கள். ஜெயப்ரியாவின் முகம் வியர்த்து, சுடிதாரின் முதுகு நனைந்திருந்தது. அம்மாவைப் பார்த்ததும் அவர்களிடம் கை காட்டிவிட்டு வந்தாள்.

"எப்படி இருந்துச்சு?"

"கால் வலிக்குது."

"யாராவது ஏதாவது..."

"கேட்டாங்க. வீசிங் இல்லியாடின்னு. இல்லன்னு சொன்னேன்."

"காலைல நான் அப்படிச் சொன்னது..."

"வேணாம்மா." ஜெயப்ரியா சுற்றிலும் பார்த்தாள். அம்மாக்கள் அவரவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள். "அங்க எல்லார் காதுலயும் விழுந்துடுச்சு. திரும்பச் சொல்லாத."

வண்டியில் ஏறினாள். வண்டி அமிழ்ந்து நிமிர்ந்தது. கோகிலவாணி இரண்டு காலையும் ஊன்றிப் பிடித்துக்கொண்டாள். வண்டி தெருவுக்குள் திரும்பியது. வாடகை வீட்டு வாசல்களில் குடித்தனக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். "என்னக்கா, பாப்பா ஸ்கூலுக்குப் போய்ட்டு வருதா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"ஆமாக்கா" என்று ஜெயப்ரியாவே பதில் சொன்னாள்.

வீட்டு வாசலில் இறங்கினாள். பையைத் தோளில் மாற்றிக்கொண்டு ஒரு நிமிடம் நின்றாள்.

"வெள்ளிக்கிழமை மறுபடி என் டர்ன்" என்றாள். "அப்பாவக் கொண்டு விடச் சொல்லு."

உள்ளே போனாள். கோகிலவாணி வண்டியை ஓரமாகத் தள்ளி நிறுத்தினாள். ஹாலில் மதியழகன் மகளிடம் ஏதோ கேட்பது காதில் விழுந்தது. அவள் பதில் சொல்வதும் விழுந்தது. நீளமான பதில். கோகிலவாணி அது முடியும் வரை வெளியிலேயே நின்றாள்.