சட்டை இல்லாத பொம்மை

இப்போதெல்லாம் பண்டிகை எந்த நாளில் வருகிறது என்பதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. தங்களுக்கு எந்த நாள் தோதுப்படுகிறதோ அந்த நாளில் வைத்துக்கொள்கிறார்கள். பிரிந்துபோன புருஷனும் பெண்டாட்டியும் வாசலில் நின்று சிரித்துப் பேசுகிறார்கள். இந்த வாரம் பிள்ளைகள் உனக்கு, அடுத்த வாரம் எனக்கு என்று மில்லில் ஷிப்டு போடுகிற மாதிரிப் போட்டுக்கொள்கிறார்கள். கேட்டால் பிள்ளைகள் மனசு நோகக் கூடாதாம். எங்களுக்கெல்லாம் சண்டை என்றால் சண்டைதான். முகத்தைத் திருப்பிக்கொண்டால் அந்தத் தெருப் பக்கமே போகமாட்டோம். எவன் எந்தப் பக்கம் என்று பார்க்கிறவனுக்காவது தெரியும்.

என் மகள் இந்த வருஷக் கடைசிப் பண்டிகையை ஒரு நாள் முன்னாலேயே கொண்டாடினாள். பண்டிகை அன்று பிள்ளைகள் இரண்டும் அவர்கள் அப்பாவிடம் இருக்க வேண்டும் என்று ஏற்பாடு. காலையில் வந்து கூட்டிப்போவான், மறுநாள் சாயங்காலம் கொண்டுவந்து விடுவான். அதனால் எல்லாவற்றையும் முதல் நாளே செய்துவிட வேண்டும் என்று சலவைக் கடைக்கு லீவு சொல்லிவிட்டு, விடிந்ததிலிருந்து சமையலறையில் நின்றாள். அவளுக்கு இஸ்திரிப் பெட்டி பிடிக்கிற கை. பூரிக்கட்டையையும் அப்படித்தான் அழுத்துவாள், மேசையே ஆடும்.

மேசை மேல் இரண்டு பேசின். ஒன்றில் வெண்ணெயும் சர்க்கரையும் போட்டுப் பிசைந்த மாவு, பிஸ்கெட்டுக்கு. இன்னொன்றில் உப்பும் மைதாவும் தண்ணீரும், பொம்மைக்கு. இந்த உப்பு மாவுப் பொம்மை அவளாகக் கண்டுபிடித்த வழக்கம். எங்கள் வீட்டில் கிடையாது, அவன் வீட்டிலும் கிடையாது. பெரியவள் பிறந்த வருஷம் ஆரம்பித்தாள். வீட்டில் இருக்கிற ஆள் ஒவ்வொருத்தருக்கும் ஒரு பொம்மை. தன் பொம்மையைத் தானே செய்யக் கூடாது, இன்னொருத்தர்தான் செய்து சாயம் பூச வேண்டும். தலையில் ஓட்டை போட்டு, அடுப்பில் காயவைத்து, நூலில் கோத்துச் சாப்பாட்டு மேசைக்கு மேலே தொங்கவிடுவாள். சாப்பிடும்போது நம் தலைக்கு மேலே நாமே தொங்கிக்கொண்டிருப்போம். எனக்கு அது பார்க்கச் சகிக்காது. சொன்னால் கேட்கிற வீடா இது?

பிஸ்கெட்டுக்கும் பொம்மைக்கும் ஒரே அச்சுதான். ஒரு தகர மூடியை வெட்டி வளைத்துச் செய்த மனுஷ உருவம். செய்தது மாப்பிள்ளை. அச்சகத்தில் மெஷின் ஓட்டினவன், கை வேலை வரும். ஆனால் அவன் செய்கிற எதையும் போல இதிலும் ஒரு குறை, இடது கால் குட்டை. அதனால் எங்கள் வீட்டுப் பிஸ்கெட் எல்லாம் நொண்டி, பொம்மைகளும் நொண்டி. என் மகள் வேறு அச்சு வாங்கவே இல்லை. அதையும் நான் கவனித்து வைத்திருக்கிறேன்.

என் பொம்மையைப் பெரியவள் செய்தாள். வருஷா வருஷம் அவள்தான். மீசை ஒட்டி, புருவம் இரண்டையும் சேர்த்து ஒரே கோடாக இழுத்துவிட்டாள்.

“ஏன்டி, நான் என்ன எப்பவும் இப்படியா இருக்கேன்?”

“இல்ல தாத்தா. தூங்கும்போது வாய் தொறந்திருக்கும். அத எப்படி மாவுல செய்யறது?”

சின்னவள் எதிரே ஸ்டூலில் முட்டி போட்டுக்கொண்டு ஒரு பொம்மையை வைத்து வேலை பார்த்தாள். பிறந்ததிலிருந்து அவள் செய்வது அப்பா பொம்மைதான். முதலில் அவள் கையைப் பிடித்து அவள் அம்மா செய்தாள், பிறகு அவளே செய்தாள். கண் வைத்தாள், வாய் வைத்தாள். சாயம் பூசாமல் அப்படியே தட்டில் வைத்தாள்.

“சட்டை எங்கடி?” என்றாள் பெரியவள்.

“அப்பா இப்ப என்ன சட்ட போடறாருன்னு எனக்குத் தெரியலையே.”

“சும்மா நீலம் பூசு.”

“நீலச் சட்ட இங்கதான் இருக்கு. அம்மா தொடைக்கற துணியா வெச்சிருக்கா.”

என் மகள் மாவைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு ஈர்க்குச்சியை எடுத்து, அந்தப் பொம்மையின் தலையில் ஓட்டை போடப் போனாள். சின்னவள் கையால் மறைத்துக்கொண்டாள்.

“வேணாம். அவரு இங்க தொங்க மாட்டாரு. நான் கொண்டுபோய்க் குடுக்கப்போறேன்.”

ஓட்டை போடவில்லை. சட்டையும் இல்லை, ஓட்டையும் இல்லை; கண்ணும் வாயும் பிஸ்கெட்டுக்கும் உண்டு. அடுப்பிலிருந்து வந்தபோது அதற்கும் பிஸ்கெட்டுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. நான் பார்த்தேன். பார்த்துவிட்டுச் சும்மாதான் இருந்தேன். அதில் ஒரு விபரீதம் இருப்பதாக அப்போது யாருக்குத் தோன்றும்?

மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். குடிகாரன் இல்லை, கை நீட்டுகிறவன் இல்லை. பொய்க்காரன். அச்சகத்தில் வேலை போனதை வீட்டில் சொல்லாமல், தினமும் காலையில் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவான். எங்கேயோ பூங்காவில் உட்கார்ந்து தின்றுவிட்டு, நேரத்துக்குத் திரும்பி வருவான். இப்படியே ஒரு மழைக்காலம் முழுக்க. என் மகள் அவனுக்காக விடியலில் எழுந்து சமைத்தாள், மெஷின் சத்தத்தில் தலை வலிக்கும் என்று தைலம் தேய்த்துவிட்டாள். நான் துணி மில் கேட்டில் முப்பது வருஷம் பையைத் திறந்து பார்த்தவன். அவன் டப்பா தினமும் கழுவித் துடைத்துப் பளபளவென்று வந்தது. வேலை பார்க்கிறவன் டப்பா அப்படி வராது, மூடியில் குழம்பு காய்ந்திருக்கும். ஒருநாள் அதைச் சொன்னேன். அவள் அச்சகத்துக்கே போய் விசாரித்துவிட்டு வந்தாள். அன்றோடு முடிந்தது. சொன்னதற்காக நான் வருத்தப்படவில்லை. திரும்ப நடந்தாலும் சொல்வேன்.

இப்போது அவனுக்கு ஏதோ அட்டைப்பெட்டிக் கம்பெனியில் வேலையாம். போன மாதம் வாசலில் நின்று, திரும்பி வந்துவிடட்டுமா என்று கேட்டிருக்கிறான். என் மகள் “பண்டிகை முடியட்டும், சொல்றேன்” என்றிருக்கிறாள். இதைப் பெரியவள் வந்து என் காதில் ஓதினாள். அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கேட் தாழ்ப்பாள் துருப்பிடித்துக் கிறீச்சிடுகிறது, எண்ணெய் விடுங்கள் என்று அவள் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். விடமாட்டேன். யார் வந்தாலும் போனாலும் எனக்குக் கேட்க வேண்டும்.

முதல் நாள் சாயங்காலமே முழுக்கோழி சுட்டு, விளக்கெல்லாம் ஏற்றி, புதுத்துணி போட்டுச் சாப்பிட்டோம். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, “என்ன, உங்க காலண்டர் மட்டும் வேகமா ஓடுதா?” என்று கேட்டாள். மகள் சிரித்துக்கொண்டே அவளிடம் ஒரு தட்டுப் பிஸ்கெட்டைக் கொடுத்து வாயை அடைத்தாள். மறுநாள் காலையில் அவன் வந்தான். அவன் கேட்டுக்கு வெளியிலேயே நின்றான். பிள்ளைகள் ஓடினார்கள், சின்னவள் கையில் பிஸ்கெட் டின்.

உண்மையான பண்டிகை அன்று வீட்டில் நாங்கள் இரண்டு பேர். தெரு முழுக்க ஜனங்களின் சத்தம். மேசைக்கு மேலே நான்கு பொம்மைகள் காற்றில் மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தன. அவள் நின்றபடியே மிச்சக் கோழியைப் பிய்த்துத் தின்றாள்.

“உன் மனசுல என்னம்மா இருக்கு?” என்று கேட்டேன்.

“வயித்துல கோழி இருக்கு. உங்களுக்கும் கொஞ்சம் இருக்கு, சாப்பிடுங்க.”

அதற்கு மேல் அவளிடமிருந்து எதையும் பிடுங்க முடியாது. அவள் அச்சைக் கழுவித் துடைத்து, வளைந்திருந்த ஓரத்தை விரலால் நிமிர்த்திக்கொண்டிருந்தாள். குட்டைக் காலை நிமிர்த்தவில்லை.

மறுநாள் சாயங்காலம், வெளிச்சம் இருக்கும்போதே, வந்துவிட்டார்கள். தாழ்ப்பாள் கிறீச்சென்றது. பெரியவள் உள்ளே நுழையும்போதே கத்தினாள்.

“அம்மா! அப்பா அந்தப் பொம்மையத் தின்னுட்டாரு!”

“எந்தப் பொம்மை?”

“அவரு பொம்மை! உப்புப் பொம்மை!”

மகள் வாசலுக்கு வந்தாள். அவன் கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றான். உதடு வெள்ளையாக வெடித்திருந்தது. நான் கேட் ஓரம் என் கைத்தடியோடு நின்றுகொண்டிருந்தேன், எல்லாம் காதால் கேட்டேன்.

“முழுசாவா?” என்றாள்.

“முழுசா,” என்றாள் பெரியவள். “கால்ல ஆரம்பிச்சு தலை வரைக்கும். கடிக்கவே முடியல. கடவாப்பல்லால ஒடைச்சாரு. இவ வேற வாயப் பாத்துக்கிட்டே நிக்கறா.”

“நீ சொல்ல வேண்டியதுதானேடி, அது பொம்மைன்னு,” என்று மகள் சின்னவளைப் பார்த்தாள்.

“எடுத்துக் குடுத்தேன், உடனே கடிச்சிட்டாரு. எப்படி இருக்குன்னு கேட்டேன். ரொம்ப நல்லாருக்குன்னு சொன்னாரு,” என்றாள் சின்னவள். “அப்பறம் நான் என்னத்தச் சொல்றது?”

என் மகள் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு ஆரம்பித்தவள், கேட்டைப் பிடித்துக்கொண்டு குனிந்து சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த மழைக்காலத்துக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. பிள்ளைகளும் சிரித்தார்கள். நான் மட்டும் கைத்தடியை ஊன்றி அவன் பக்கம் திரும்பினேன்.

“உப்புக் கரிக்குதுன்னு சொல்ல உனக்கு வாய் இல்லையா?” என்று கேட்டேன்.

“பிள்ள ஆசையா பாத்துக்கிட்டு நின்னுச்சு மாமா.”

“டப்பாவக் கழுவினப்ப எந்தப் பிள்ள பாத்துக்கிட்டு நின்னுச்சு?”

சிரிப்பு நின்றது. “அப்பா” என்றாள் மகள். அவ்வளவுதான்.

அவன் என்னைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்துத்தான் சொன்னான். “நீ வேணும்னே அனுப்பிருக்கேன்னு நெனச்சேன். பண்டிகை முடிஞ்சு சொல்றேன்னு சொன்னியே. அந்தப் பதில்தான் இதுன்னு நெனச்சேன். அதான் முழுசா தின்னேன்.”

கேட்டுக் கம்பியில் இருந்த அவள் விரல்கள் ஒருமுறை மூடித் திறந்தன. எனக்குத் தெரியும், அந்தப் பேச்சில் அவள் விழுந்துவிட்டாள், அல்லது விழப்போகிறாள். ஆனால் முப்பது வருஷம் கேட்டில் நின்றவனுக்கு ஒன்று தெரியும். ஒரு பொருளுக்கு ஒரு காரணம் சொல்கிறவனை விட்டுவிடலாம். இரண்டு காரணம் சொல்கிறவன் பையைத் திறக்கத்தான் வேண்டும். பிள்ளைக்காகத் தின்றானா, அவளுக்காகத் தின்றானா? இரண்டாவதை வருகிற வழியில் பஸ்ஸில் யோசித்து வைத்திருப்பான். நல்ல பேச்சு, சந்தேகம் இல்லை. பூங்காவில் உட்கார்ந்து யோசிக்க அவனுக்கு ஒரு மழைக்காலம் கிடைத்தது.

“உள்ள போய்த் தண்ணி எடுத்துட்டு வாடி,” என்று மகள் பெரியவளிடம் சொன்னாள். “சொம்புல கொண்டா. அந்தப் பிஸ்கெட் தட்டையும் எடுத்துக்கோ.”

அதைக் கேட்டதும் எனக்கு அங்கே நிற்கப் பிடிக்கவில்லை. கேட்டைத் திறந்து வெளியே வந்தேன். நானே இழுத்துச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டேன், அது ஊருக்கே கேட்கிற மாதிரி அலறியது. அவள் உள்ளே, அவன் வெளியே.

“எங்கப்பா போறீங்க? விளக்கு வைக்கற நேரத்துல.”

“நடந்துட்டு வரேன்.”

நாலு வீடு தள்ளிப் போய்த் திரும்பிப் பார்த்தேன். பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்தேன். அவன் சொம்பைத் தூக்கிக் கழுத்து நரம்பு தெரியக் குடித்துக்கொண்டிருந்தான். பெரியவள் இரண்டாவது சொம்போடு நின்றாள். என் மகள் கேட்டுக்கு மேலே கையை நீட்டி ஒரு நொண்டிப் பிஸ்கெட்டைக் கொடுத்தாள். அவன் வாங்கினான். வாயில் போடவில்லை. குட்டைக் காலை நுனி நாக்கால் லேசாக நக்கிப் பார்த்தான். அவள் தோள் குலுங்குவது இங்கிருந்தே தெரிந்தது.

இனிமேலாவது தின்கிறதற்கு முன்னால் ருசி பார்க்கக் கற்றுக்கொண்டான். அதற்காக ஆள் மாறிவிட்டான் என்று அர்த்தமா? நாக்கு சுட்டவன் நாலு நாளைக்கு ஊதித்தான் குடிப்பான். ஐந்தாம் நாளைப் பற்றி யார் பேசுகிறார்கள்?

நான் நடந்தேன். பண்டிகை முடிந்த தெரு, வாசலுக்கு வாசல் கிழிந்த காகிதம் பறந்துகொண்டிருந்தது. காது பின்னாலேயே இருந்தது. தாழ்ப்பாள் சத்தம் கேட்கவில்லை. மளிகைக் கடையைத் தாண்டினேன், கேட்கவில்லை. தையல் கடையைத் தாண்டினேன், அங்கே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது, அதிலும் காதைக் கூர்மையாக்கிக்கொண்டு கேட்டேன், இல்லை. மூலை வரைக்கும் கேட்கவில்லை. மூலைக்கு அந்தப் பக்கம் எப்படியும் கேட்காது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். பிறகு கைத்தடியை ஊன்றிக்கொண்டு மூலையைத் திரும்பினேன்.