துரியன் மரத்தில் ஒரு கூடு

லாஸ்திரியின் துரியன் மரம் இரண்டு பருவமாகச் சரியாகக் காய்க்கவில்லை. உச்சிக் கிளைகளில் புல்லுருவி அடர்ந்து, மரத்தின் சாற்றைக் குடித்துக் கொழுத்திருந்தது. லாம்புங் மலையடியிலுள்ள அந்த ஊரில் அவ்வளவு உயரம் ஏறத் துணிந்தவர் வாகிதி ஒருவர்தான். ஐம்பதைத் தாண்டியவர், மனைவியை இழந்தவர். லாஸ்திரியின் கணவன் இறந்தும் சில வருஷங்கள் ஆகியிருந்தன.

இடுப்பில் அரிவாளோடு ஏறிய வாகிதி, ஒரு குச்சியைக்கூட வெட்டாமல் இறங்கி வந்தார். அந்த ஊரில் மரியாதையாகக் கூப்பிட ஆணுக்கு 'பாக்', பெண்ணுக்கு 'இபு'.

"என்ன பாக், தலை சுத்திடுச்சா?"

"இல்ல இபு. மேல பச்சை இலைக்குருவி கூடு கட்டியிருக்கு. பெட்டை அடைகாக்குது. புல்லுருவிப் பூவுல தேன் குடிக்க வந்து, அப்படியே தங்கிடுச்சு போல."

லாஸ்திரி நம்பவில்லை. கூண்டுப் பறவைகளின் பாட்டுப் போட்டிக்கென்று பிடித்துப் பிடித்தே அந்தக் குருவியைத் தீர்த்துவிட்டார்கள். பின்னாலிருக்கும் காட்டில்கூட அதன் குரல் கேட்டு எத்தனையோ காலமாயிற்று. வாகிதி கை நீட்டிய இடத்தில் முதலில் வெறும் இலைகள்தான் தெரிந்தன. பிறகு ஓர் இலை மட்டும் தலையைத் திருப்பியது.

"குஞ்சு பறக்கட்டும். அப்புறம் வெட்டறேன்" என்றார் அவர்.

அதற்கப்புறம் கூட்டைப் பார்க்க அடிக்கடி வந்தார். லாஸ்திரி காப்பி கொடுத்தாள். கறுப்புத் தொண்டை ஆண்குருவி மற்றப் பறவைகளின் குரலையெல்லாம் திருடிப் பாடும். ஒருநாள் அது கழுகு மாதிரி சீழ்க்கையடிக்க, லாஸ்திரியின் கோழிகள் அலறிக்கொண்டு சமையலறைக்குள் பாய்ந்தன. அவள் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். வாகிதி மரத்தைப் பார்க்க மறந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சேதி கேட்டு, அவளுடைய கொழுந்தன் ஜுமாதி கூண்டோடு வந்து நின்றான்.

"அண்ணி, பிசின் தடவின குச்சி நாலு வச்சா போதும், ஆண்குருவி நம்ம கையில."

"ஏறிப் பாரு. இறங்க ஏணி இருக்காது."

"எங்கண்ணன் நட்ட மரம்!"

"நட்டது அவரு. தண்ணி சுமந்தது நான்."

ஜுமாதி கூண்டை எடுத்துக்கொண்டான். "குருவிக்கா இந்தக் காவல்? குருவி பாக்க வர்றவருக்குத்தான்னு ஊரே சிரிக்குது, அண்ணி."

அந்தச் சொல் தைத்தது. அடுத்த முறை வாகிதி வந்தபோது அவள் வாசலிலேயே நின்றுகொண்டு, "இனிமே வர வேண்டாம் பாக். பறந்ததும் சொல்லியனுப்பறேன்" என்றாள். அவர் "சரி இபு" என்று தலையசைத்துவிட்டுத் திரும்பி நடந்தார். அன்றிலிருந்து அவளுக்குக் காப்பி இறங்கவில்லை.

ஒரு மத்தியானம் மழை கொட்டியது. காற்றில் கூட்டிலிருந்த இரண்டு குஞ்சுகளில் ஒன்று கீழே விழுந்து, சேற்றில் துடித்தது. லாஸ்திரி அதைக் கூடையால் மூடினாள். வாகிதியைக் கூப்பிடப் பக்கத்து வீட்டிலிருந்து யாரையாவது அனுப்பியிருக்கலாம். அவளே ஓடினாள், காப்பிக்கடையைத் தாண்டி, ஜுமாதியும் அவன் கூட்டாளிகளும் பார்க்கப் பார்க்க.

"பாக் வாகிதி! சீக்கிரம் வாங்க!"

அவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். குஞ்சைச் சட்டைக்குள் வைத்து மரத்தில் கால் வைத்தார்.

லாஸ்திரி அவர் கையைப் பிடித்தாள். "வேண்டாம், வழுக்கும். நீங்க விழுந்துட்டா நான் என்ன பண்ணுவேன்?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. வாகிதி காலை எடுத்துவிட்டார்.

குஞ்சைக் காப்பிச்செடியின் ஒரு கிளையில் உட்கார வைத்துவிட்டு, இருவரும் சமையலறைக் கூரையடியில் ஒதுங்கினார்கள். நெடுநேரம் குருவி எதுவும் வரவில்லை. மழை லேசானதும் தாய்க்குருவி இறங்கி வந்து, குஞ்சின் வாயில் ஒரு புழுவைத் திணித்தது. லாஸ்திரி மூச்சு விட்டாள்.

"ரெண்டும் பறந்தப்புறம் வெட்டிடறேன்" என்றார் வாகிதி. குளிரில் அவர் பற்கள் தந்தியடித்தன.

"கூடு இருக்கிற பக்கத்த விட்டுடுங்க. மத்தத வெட்டுங்க." அவள் உலர்ந்த துண்டொன்றை எடுத்துக் கொடுத்தாள். "சோறு ஆக்கியிருக்கேன். முன்பக்கம் வந்து உக்காருங்க."

"ஊரு பாக்குமே..."

"பசிச்சா ஊரும் வந்து சாப்பிடட்டும்" என்று சொல்லிவிட்டு, அவள் தட்டெடுக்க உள்ளே போனாள்.