ஜோடி ஸ்பீக்கர்

மாரண்டஹள்ளி தக்காளி மண்டியில் குப்புராஜுக்கு ஒரு பெயர் உண்டு. மேல்தட்டுப் பழம் எப்படிப் பளபளத்தாலும் கூடையின் அடிவரை கையைவிட்டுப் பார்த்த பிறகுதான் விலை பேசுவான். அப்படிப்பட்டவன், மச்சான் துபாயிலிருந்து கொண்டுவந்து கொடுத்த ஸ்பீக்கர் பெட்டிகள் இரண்டையும் நாலு நாள் சலாவுதீன் கடையில் விட்டுவிட்டு வந்தான். ஒன்றில் ஏதோ கரகரப்பு. ரேடியோ மெக்கானிக் சலாவுதீன் அவனுக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே கூட்டாளி. அவனைப் போய்ச் சந்தேகப்படுவதாவது?

பெட்டிகள் திரும்பி வந்த அன்று வீட்டில் பொங்கலுக்கு வெள்ளையடிப்பு நடந்துகொண்டிருந்தது. அவசரத்தில் அவற்றை ஒரு மூலையில் நிறுத்தினார்கள். பொங்கலன்று குப்புராஜே ஒயர் மாட்டினான். அந்தப் பாட்டு செட்டை வேறு யாரும் தொட அவன் விடுவதில்லை. பாட்டு வந்தது, ஆனால் நெஞ்சில் வந்து இடிக்கும் மத்தள அடி வரவில்லை. எல்லாம் சோகை பிடித்ததுபோல் கேட்டது.

"நல்லாத்தானே பாடுது" என்றாள் அவன் மனைவி பாஞ்சாலி.

"உனக்கென்ன தெரியும். உள்ள இருந்த பாரின் சாமான உருவிட்டு லோக்கல் சாமான வெச்சுட்டான்."

சொல்லிவிட்ட பிறகு அவனுக்கே பகீரென்றது. இருந்தாலும் சந்தேகம் வந்தபின் மனசு சும்மா இருக்குமா? இடது பெட்டியை மட்டும் பாடவிட்டான், நன்றாக இருந்தது. வலதை மட்டும் பாடவிட்டான். அதுவும் நன்றாக இருந்தது. இரண்டையும் சேர்த்தால்தான் மத்தளம் காணாமல் போனது. வேறு ஒருத்தனாக இருந்தால் அந்த இடத்தில் கொஞ்சம் யோசித்திருப்பான். குப்புராஜோ, திருடியவன் ஜோடியாகவே திருடியிருக்கிறான் என்று முடிவு கட்டினான்.

மண்டியில் கூட வியாபாரம் பண்ணும் சென்னப்பனிடம் மட்டும் சொன்னான், யாரிடமும் சொல்லாதே என்று. மூன்றே நாளில் மண்டி முழுக்கத் தெரிந்துவிட்டது. சென்னப்பன் ரிப்பேருக்குக் கொடுத்திருந்த தன் ரேடியோவைப் பாதி வேலையிலேயே திரும்ப வாங்கிக்கொண்டான். இன்னும் இரண்டு பேர் அப்படியே செய்தார்கள். நாலாம் நாள் சலாவுதீன் நேராகக் குப்புராஜ் வீட்டுக்கு வந்தான்.

"பெட்டியத் தொறந்து காட்டறேன். யாருகிட்ட எல்லாம் சொன்னியோ அவங்களையும் கூப்புடு."

குப்புராஜ் ஓடிப்போய்க் கூட்டிவந்தான். கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று அவனுக்கு அவ்வளவு ஆசை. சென்னப்பனோடு நாலு பேர் வந்து சுற்றி நின்றார்கள். சலாவுதீன் ஸ்க்ரூக்களைக் கழற்றி ஸ்பீக்கர்களை வெளியே எடுத்தான். இரண்டின் முதுகிலும், மச்சான் அன்றைக்குத் திறந்து காட்டிய, ஜப்பான் எழுத்துப் போட்ட நீல ஸ்டிக்கர் அப்படியே இருந்தது.

"உன் மச்சான் கொண்டாந்தது இதுதானா, பாத்துச் சொல்லு."

"இதுதான்" என்றான் குப்புராஜ்.

ஸ்பீக்கர்களை மறுபடி பூட்டிய சலாவுதீன், ஒரு பெட்டியின் பின்பக்கம் ஒயர் மாட்டும் இடத்தில் தெறித்துக் காய்ந்திருந்த சுண்ணாம்பை நகத்தால் சுரண்டினான். அடியில் சிவப்புப் புள்ளி தெரிந்தது.

"செவப்பு ஒயரு இங்கதான் வரணும். இதுல மாத்தி மாட்டியிருக்கு. ஒண்ணு முன்னால தள்ளறப்ப இன்னொன்னு பின்னால இழுக்குது, அப்பறம் அடி எப்படிக் கேக்கும்? யாரு மாட்டுனது?"

பாஞ்சாலி புருஷனைப் பார்த்தாள்.

சலாவுதீன் இரண்டு ஒயரையும் இடம் மாற்றி மாட்டினான். மத்தளம் வீடே அதிர இறங்கியது. சென்னப்பன் வெட்கமில்லாமல் தாளம் போட்டான். வந்த நாலு பேரும் இன்னொரு பாட்டுப் போடச் சொன்னார்கள்.

சலாவுதீன் வாசலுக்குப் போய்விட்டிருந்தான். குப்புராஜ் பின்னாலேயே ஓடினான்.

"தப்புப் பண்ணிட்டேன்டா. உள்ள வா, ஒரு வாய் சாப்புட்டுப் போ."

"அதெல்லாம் ஒண்ணும் வேணாமுங்க" என்றான் சலாவுதீன், சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டியபடி. "கடைய அப்படியே போட்டுட்டு வந்துட்டேனுங்க. வர்றேன்."

இத்தனை வருஷத்தில் அவன் குப்புராஜை ஒருநாள்கூட 'ங்க' போட்டுப் பேசியதில்லை.