பதினேழாம் எண்

கருத்தடை செய்துகொண்டு, பிறகு ரோபோ அறுவையில் கருக்குழாயை மறுபடி இணைத்துக்கொண்ட பெண்கள் நாற்பத்திரண்டு பேர். அவர்களுக்குப் போன் செய்வது என் வேலை. கரு நின்றதா, கர்ப்பப்பையிலா குழாயிலா, குழந்தை பிறந்ததா. பட்டியலில் பெயர் கிடையாது. வரிசை எண்ணும் போன் எண்ணும் மட்டும்.

"வெக்கப்படாம சொல்லுங்கம்மா. நான் என்ன தண்டோராவா போடப் போறேன்?" என்பேன். சிரிப்பார்கள். சொல்லிவிடுவார்கள்.

ஆறு பேருக்கு நேரே 'போன் எடுக்கவில்லை' என்று எழுதியிருந்தேன். ஐந்து பேர் உண்மையாகவே எடுக்கவில்லை. பதினேழாம் எண் நான்.

என் அறுவை இங்கே வேலைக்குச் சேர்வதற்கு முன்பு நடந்தது. இரண்டாம் கல்யாணம், முப்பத்தேழு வயது. "பொண்ணு காலேஜ் போறா, இவ தொட்டில் வாங்கப் போறாளாம்" என்றாள் அக்கா. எட்டு மாதம் கழித்துக் கரு நின்றது. குழாயில். வேறு ஆஸ்பத்திரியில் குழாயோடு எடுத்தார்கள். அக்காவிடம் அல்சர் என்றேன்.

எனக்கு அறுவை செய்த டாக்டர் இப்போது இங்கே இல்லை. புதியவர் செவ்வாய்க்கிழமை பட்டியலைப் பார்த்தார்.

"ஆறு பேரா? நல்லது நடந்தவங்க மட்டும் பேசினா நம்ம ஆய்வு முடிவே பொய்யாயிடும். குரலை மாத்திப் பாப்போம்."

தாளைப் பக்கத்து மேசைக்காரியிடம் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு வருடமாக என் பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பவள்.

மேசைப் போனில் ஆறில் மூன்றாவது ஆளின் எண்ணை அழுத்தினாள். என் கைப்பை அதிர்ந்தது. பட்டியலில் இருந்த என் பழைய சிம். எறிய மனம் வராமல் போனிலேயே வைத்திருந்தேன்.

"அக்கா, உங்க போன்."

"எவனாவது லோன் வேணுமான்னு கேப்பான். விடு."

அவள் ரிசீவரை வைத்தாள். பை அடங்கியது. தாளைப் பார்த்தாள். பிறகு என்னை.

பையை எடுத்துக்கொண்டு கோப்பு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். போன் மறுபடி அதிர்ந்தது. எடுத்தேன்.

"வணக்கம்மா. ஆஸ்பத்திரியிலேருந்து பேசறேன். ரெண்டு மூணு கேள்விதான்."

கதவுக் கண்ணாடியில் அவள் முதுகு தெரிந்தது. திரும்பவில்லை.

"கேளுங்க" என்றேன். அவளை நான் 'நீங்க' போட்டுப் பேசியதே இல்லை.

"கரு நின்னுச்சாம்மா?"

"நின்னுச்சு."

"கர்ப்பப்பையிலயா, குழாயிலயா?"

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"வெக்கப்படாம சொல்லுங்கம்மா" என்றாள். தண்டோராவைச் சொல்லவில்லை.

"குழாயில."

தலை குனிந்து எழுதினாள். கடைசிக் கேள்வியைக் கேட்கவில்லை.

"நன்றிம்மா."

மீதி மூன்று எண்களையும் அவள் கூப்பிட்டு முடிக்கும்வரை கோப்பு அறையிலேயே நின்றேன்.