அண்ணனை மிதித்த யானை

என் அண்ணன் லுபிண்டாவை மிதித்துக் கொன்றது ஒரு பெண் யானை. இதை நான் ஊகமாகச் சொல்லவில்லை. பதினோரு வருடமாகக் குவாண்டோ ஆற்றங்கரையில் எங்கள் ஊர் வனக்குழுவின் காவலாளியாக இருக்கிறேன். தடம் பார்ப்பதுதான் என் பிழைப்பு. அண்ணனைப் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு போன பிறகு, ஒரு நாணலை ஒடித்துப் பின்னங்கால் தடத்தின் மேல் வைத்து அளந்தேன். வளர்ந்த ஆண் யானைக்கு அந்த நீளம் போதாது. வலது முன்னங்கால் பாதத்தில் குறுக்காக ஒரு வெடிப்பு. பக்கத்திலேயே கன்றின் சின்னத் தடம். மண்ணைக் குத்திய இடத்தில் ஒற்றைத் தந்தத்தின் குழி; எங்கள் காட்டில் பெண் யானைக்கும் தந்தம் உண்டு. அழுதுகொண்டேதான் அளந்தேன், ஆனால் சரியாக அளந்தேன். பார்த்ததையெல்லாம் குறிப்பேட்டில் எழுதினேன்.

ஒன்பதாம் நாள் வனக்குழுத் தலைவர் கச்சானா எங்கள் வீட்டுக்கு வந்தார். முறைப்படி மண்டியிட்டு மெல்லக் கை தட்டித் துக்கம் விசாரித்தார். பிறகு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஆளைக் கொன்ன யானையைச் சுட அனுமதி வந்துடுச்சு, தங்கச்சி."

"நல்லது தலைவரே. எப்ப சுடுறாங்க?"

"அதுல ஒரு சின்னச் சிக்கல். நீ பொட்டைன்னு எழுதி வெச்சிருக்க."

"பொட்டைதான்."

"ஒத்தைத் தந்தம், காலடியில ஒரு கன்னுக்குட்டி. கடல் தாண்டி வர்ற எந்த மகராசன் அதைச் சுட்டுத் தலையைத் தன் வீட்டுச் சுவத்துல மாட்டுவான்? அவன் பொண்டாட்டியே சிரிப்பா. டிர்க்கிட்ட ஒரு வேட்டைக்காரர் காத்துக்கிட்டிருக்காரு. அவருக்கு ரெண்டு தந்தமும் நீளமா உள்ள ஆண் யானைதான் வேணுமாம். நம்ம நாணல்காட்டுல ஒரு கிழவன் மேயுறான்ல?"

டிர்க் என்பவர் வெளிநாட்டு வேட்டைக்காரர்களை எங்கள் காட்டுக்குக் கூட்டி வருபவர்.

"அந்தக் கிழவன் ஒரு கொல்லையிலயும் வாய் வெச்சதில்ல."

"அது அவனுக்கும் உனக்கும்தானே தெரியும்?"

எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. செத்தது என் அண்ணன், அதில் தந்தத்துக்கு அளவு பார்க்கிறார் இந்த மனுஷன். ஆனால் கச்சானா முட்டாள் இல்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இந்த வருசத்துக்கு அனுமதிச்ச ஆண் யானையெல்லாம் சுட்டாச்சு. மிச்சம் ஆளைக் கொன்ன யானைக்கு வந்த இந்த அனுமதி ஒண்ணுதான். அடுத்த வாரம் அந்த வெளிநாட்டு எம்.பி.க்கள் வர்றாங்க. சுட்ட தலையையும் தந்தத்தையும் அவங்க நாட்டுக்குள்ள கொண்டுவரக் கூடாதுன்னு சட்டம் போடலாமா வேணாமான்னு அங்கே ஒரே அடிதடி. கன்னுக்குட்டியோட தாயைச் சுட்டோம்னு கேள்விப்பட்டாங்கன்னா அப்பவே முடிவு கட்டிடுவாங்க. அப்புறம் வேட்டைக்காரன் வரமாட்டான். உனக்கும் மத்த ஆறு காவலாளிக்கும் சம்பளம் யார் குடுப்பா? கண்ணி வெக்கிறவனை யார் பிடிப்பா? யானையைக் காப்பாத்தணும்னா ஒரு யானை போகணும். இது உனக்குத் தெரியாததா?"

தெரியும். அதுதான் என் வயிற்றெரிச்சல். நான் வேலைக்குச் சேர்வதற்கு முன் இந்தக் காட்டில் வாரம் ஒரு யானை கண்ணியில் மாட்டி அழுகிக் கிடந்ததைப் பார்த்தவள் நான். அந்தப் பெண் யானையை நானே மிளகாய்ப் புகை போட்டு ஆற்றுக்கு அந்தப் பக்கம் விரட்டிவிடலாம் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். ஏட்டை எடுத்து, 'பெண்' என்பதை அடித்துவிட்டு 'ஆண்' என்று எழுதினேன்.

எம்.பி.க்கள் வந்த அன்று காலையில் கிழவனைச் சுட்டார்கள். அதைத் தேடிக் கொடுத்ததும் நான்தான், மூன்று நாள் வெறும் வயிற்றோடு அலைந்து. சுட்டதும் அண்ணி நமுகோலோவுக்குச் செய்தி சொல்லி அனுப்பினேன். யானைகள் ஊர்க்குழாயைப் பிடுங்கிப் போட்டதிலிருந்து எங்களுக்கு ஆற்றுத் தண்ணீர்தான். அண்ணன் செத்ததிலிருந்து அண்ணி தன் மகள் மொண்டேயை ஆற்றுப் பக்கமே விடவில்லை. இனி பயமில்லை என்று சொல்லச் சொன்னேன்.

நடுப்பகலில் பெரிய மரத்தடியில் ஊரே கூடி இறைச்சி பங்கு போட்டுக்கொண்டிருந்தது. வந்தவர்களில் ஒரு அம்மாள் செத்த யானையின் கண்ணைப் பார்த்துத் தேம்பித் தேம்பி அழுதார். கூட வந்தவர் இறைச்சித் துண்டைப் பிடித்திருந்த பிள்ளைகளோடு படம் எடுத்துக்கொண்டார். பிறகு இரண்டு பேரும் ஒருவர் முகத்துக்கு நேரே ஒருவர் விரலை ஆட்டிக்கொண்டு, அவர்கள் ஊர்ச் சண்டையை எங்கள் மரத்தடியில் போட்டார்கள். யாரோ நெருப்பில் வாட்டிய துண்டு ஒன்றை என் கையில் வைத்தார்கள். நானும் பசி தாங்காமல் வாயில் போட்டு மென்றேன்.

கச்சானா அண்ணியைக் கொண்டுவந்து அவர்கள் முன்னால் நிறுத்தினார். அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார். கச்சானாவின் மைத்துனன் சிதாலிதான் மொழிபெயர்த்தான்.

"உங்க புருசனைக் கொன்ன யானை செத்துடுச்சு. இப்ப உங்களுக்கு நிம்மதியான்னு கேக்குறாங்க."

அண்ணி என்னைப் பார்த்தாள். என் முகத்தை அல்ல, அசைந்துகொண்டிருந்த என் தாடையைப் பார்த்தாள்.

எங்கள் வீட்டில், நம் ஆளைக் கொன்ற மிருகத்தின் இறைச்சியை நாம் தொடமாட்டோம். தொட்டால் செத்தவனையே தின்ற மாதிரி. சித்தப்பாவை நீர்யானை கொன்றபோது ஊரே தின்றது, நாங்கள் எல்லாரும் பச்சைக்கீரையும் களியும் தின்றோம். அப்போது எனக்கு ஏழு வயது; இறைச்சிக்கு நீட்டிய என் கையைத் தட்டிவிட்டதே லுபிண்டா அண்ணன்தான். அண்ணியும் இன்று பங்கு வாங்கவில்லை. நான் மட்டும் தின்றுகொண்டிருந்தேன், அது அண்ணனைக் கொன்ற யானை இல்லை என்று என் வாய்க்குத் தெரிந்திருந்ததால்.

"அவளைக் கேளுங்க," என்றாள் அண்ணி. "அவ கூடப்பிறந்தவ. அவ திங்குறா."

சிதாலி ஒரு நொடி கச்சானாவைப் பார்த்துவிட்டு, அவர்கள் மொழியில் சிரித்துக்கொண்டே சொன்னான். எங்கள் குடும்பத்துக்கு வயிறார உணவு கிடைத்தது, நன்றி என்று சொல்லியிருக்கிறான் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. படம் எடுத்தவர் பெரிதாகக் கை தட்டினார்.

அண்ணி என் கிட்டே வந்து நின்றாள். "இது அது இல்ல. அப்படித்தானே?"

வாயில் இருந்ததை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

"செபிசோ, மொண்டே தண்ணிக்குப் போயிருக்கா. பழைய பாதையில. நீ சொல்லி அனுப்பினேன்னுதான் விட்டேன்."

ஓடினோம். மணல் பாதையில் மொண்டேயின் வெறுங்கால் தடம் ஆற்றை நோக்கிப் போயிருந்தது. திரும்பி வரவில்லை. பாதி வழியில் அந்தத் தடத்தின் மேல் வட்டமாக ஒரு பெரிய தடம் விழுந்திருந்தது. குறுக்கே வெடிப்பு. அண்ணிக்குத் தடம் பார்க்கத் தெரியாது. ஆனால் நான் நின்ற விதத்தைப் பார்த்ததும் அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கரையில் தாயும் கன்றும் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. பத்துத் தப்படி தள்ளி, நாணலுக்குள் கழுத்தளவு தண்ணீரில், வாளியைக் கட்டிப்பிடித்தபடி மொண்டே நின்றிருந்தாள். அந்த மடுவில் முதலை உண்டு என்று எல்லாருக்கும் தெரியும். கத்தினால் யானை மிரளும். நாங்கள் புதருக்குள் ஒருவர் கையை ஒருவர் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கன்று சேற்றில் புரண்டு விளையாடியது. அது விளையாடி முடிக்கும்வரை தாய் நகரவில்லை.

பிள்ளை பிழைத்துவிட்டாள். அவளைத் தண்ணீரிலிருந்து தூக்கியபோது வாளியை அவள் கையிலிருந்து பிடுங்க முடியவில்லை.

நனைந்த துணியோடு மூன்று பேரும் மரத்தடிக்குத் திரும்பியபோது விருந்தாளிகளின் வண்டிகள் போய்விட்டிருந்தன. கச்சானாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஏட்டைத் திருத்திவிடுகிறேன், இன்னொரு அனுமதி வாங்குங்கள் என்றேன். அவர் முகம் செத்துப்போய்விட்டது. அவருக்கும் மூன்று பெண் பிள்ளைகள், அதே பாதையில் நடப்பவர்கள்.

"எப்படிம்மா வாங்குவேன்? கொன்ன யானை செத்துடுச்சுன்னு நீதான் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்க. பொய்னு தெரிஞ்சா மொத்தக் குழுவையும் கலைச்சிடுவாங்க. ஏட்டுல செத்த யானையை இன்னொரு தடவை எப்படிச் சுடுறது?"

அண்ணி மொண்டேயின் தலையைத் தன் இடுப்பில் சுற்றியிருந்த துணியால் துவட்டிக்கொண்டே என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"நாளைக்கும் தண்ணி வேணும். இனிமே தினமும் இவளுக்கு முன்னாடி நீ நட. மிதிச்சா முதல்ல உன்னை மிதிக்கட்டும்."